ஐஆர்க்யூ 5 யாருக்கு?

ஓராண்டில் முடித்தாக வேண்டும் என்பது கெடு. ஃபுளோரிடா மாநிலம் போகா ரேட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் கூடிய ஐபிஎம் குழு, சந்தையில் கிடைத்த சிப்புகளையே வாங்கிப் பொருத்தி 1981 ஆகஸ்டில் முதல் பிசியை வெளியிட்டது. அந்தச் சிப்புகளில் ஒன்று இன்டெலின் 8259. கீபோர்டோ ஃபிளாப்பியோ பிராசஸரின் கவனத்தைக் கோரினால், கோரிக்கை இதன் வழியாகத்தான் போகும். அதற்கான கம்பிகள் மொத்தம் எட்டு, பெயர் ஐஆர்க்யூ.

0 கடிகாரத்துக்கு, 1 கீபோர்டுக்கு, 3-ம் 4-ம் சீரியல் போர்ட்டுகளுக்கு, 6 ஃபிளாப்பிக்கு, 7 பிரிண்டருக்கு. 1983-இல் வந்த எக்ஸ்டி, ஹார்டு டிஸ்க்குக்காக 5-ஐயும் எடுத்துக்கொண்டது.

பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நேராக நினைவகத்தில் சேர்க்கும் டிஎம்ஏ தடங்களோ நான்கே. அதிலும் ஒன்று நினைவகத்துக்கே செலவானது. டைனமிக் ரேமில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும்; சுமார் 15 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும் வேலை தடம் 0-இன் தலையில் விழுந்தது.

1984-இல் ஏடி வந்தபோது இரண்டாவது 8259-ஐ ஐஆர்க்யூ 2 வழியாகக் கோத்தார்கள். ஒன்றை இழந்து எட்டைப் பெற்றதில் கணக்கு 15 ஆனது. டிஎம்ஏ-விலும் இதே உத்திதான்: தடம் 4 இணைப்புக்குப் போக, ஏழு மிஞ்சின.

எண்ணிக்கை கூடியும் தகராறு தீரவில்லை. கார்டுகளைச் செருகும் ஐஎஸ்ஏ பலகையில் 8259 கவனித்தது மின்னழுத்தம் ஏறும் கணத்தை மட்டுமே. ஒரு கார்டு கம்பியை உயர்த்தி வைத்திருக்கும்போது இன்னொன்று கூப்பிட்டால், அந்தக் குரல் எங்கும் பதிவாகாது. ஆனாலும் சீரியல் போர்ட்டுகளான காம்1-க்கும் காம்3-க்கும் ஒரே ஐஆர்க்யூ 4-ஐத்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஒற்றை அறையில் இரண்டு குடித்தனம். காம்1-இல் மவுஸ் இருக்க, காம்3-இல் மோடம் டயல் செய்யத் தொடங்கினால் மவுஸ் அப்படியே உறைந்துபோகும்.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டு, பிரிண்டருக்கு உரிய 7-லேயே வந்து உட்கார்ந்தது. பெரும்பாலும் சண்டை வரவில்லை. டாஸ் இயங்குதளம் பிரிண்டரிடம் பேச அந்தக் கம்பியைப் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் காரணம். பின்னர் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, ஏடியில் ஹார்டு டிஸ்க் காலி செய்துவிட்டுப் போன 5-க்குக் குடிபெயர்ந்தது. நெட்வொர்க் கார்டும் அதையே கேட்டால் பெட்டியைத் திறந்து ஜம்பரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும். ஐஆர்க்யூ என்றால் என்னவென்றே தெரியாத பையன்களும் 220 (கார்டின் முகவரி), 5 (ஐஆர்க்யூ), 1 (டிஎம்ஏ தடம்) என்ற மூன்று எண்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவற்றைச் சரியாகச் சொல்லாவிட்டால் கேம் ஊமைதான்.

தீர்வு ஐபிஎம்மிடமே இருந்தது. 1987-இல் வந்த அதன் மைக்ரோ சேனலில் ஒரே கம்பியைப் பல கார்டுகள் பகிர முடிந்தது. ஆனால் உரிமத்தொகை கேட்டதால் போட்டி நிறுவனங்கள் பெரும்பாலும் அதன் பக்கம் போகவில்லை. பகிர்வு பரவலானது 1992-இல் அறிமுகமான பிசிஐ வந்த பிறகே. விண்டோஸ் 95 எண்களைத் தானே ஒதுக்க முயன்றது. பழைய ஜம்பர் கார்டுகள் அதற்கு அடங்காததால், ‘பிளக் அண்ட் பிளே’யை ‘பிளக் அண்ட் பிரே’ என்று கிண்டலடித்தார்கள். செருகிவிட்டுச் சாமியைக் கும்பிடு என்று அர்த்தம். 1990-களின் இறுதியில் பிசிஐ தரத்தில் இன்னொரு வழி சேர்ந்தது: கருவி, குறிப்பிட்ட முகவரியில் ஓர் எண்ணை எழுதினாலே அது பிராசஸருக்கான அழைப்பாகிவிடும். அதற்குத் தனிக் கம்பியே வேண்டாம்.