பாலாற்றுத் தோல் தொழிலும் சட்டத்தின் இரு முகங்களும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றுப் படுகை ஊர்களில், உள்ளூர் வழக்கில் 'தோல் ஷாப்பு' எனப்படும் பதனிடும் கூடங்கள் நெடுங்காலம் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் நம்பியே இயங்கின. உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் களைந்து, சதை வழித்து, பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போடும் அம்முறையிலும் உப்பும் சுண்ணாம்பும் நிலத்தில்தான் இறங்கின. ஆகவே அதனைத் தூய்மையானதென்று போற்றுவது வரலாறாகாது. அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுமையாக்கிய தோலை ஊக்குவித்த 1970-களின் அரசுக் கொள்கையை ஒட்டிக் குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவியபோது, வாரக்கணக்கான வேலை சுழலும் டிரம்முக்குள் விரைவாக முடிந்தது; உற்பத்தியோடு கழிவுநீரும் பெருகியது.

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தால் பெரும்பயன் விளையாத நிலையில், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தக் குறைந்தது 35 லிட்டர் நீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதையும், திண்டுக்கல் வட்டாரத்தின் 13 சிற்றூர்களில் 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போனதையும் எடுத்துக்காட்டியது. தீங்கு விளையும் என்பதற்கு அறிவியல் உறுதி கிட்டும்வரை காத்திராமல் தடுக்கவேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், இழப்பீட்டோடு சூழலை மீட்கும் செலவையும் மாசுபடுத்தியவரே ஏற்கவேண்டும் என்னும் கோட்பாடும் நாட்டுச் சட்டத்தின் கூறுகளே என அத்தீர்ப்பு அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் அது பாடமாயிற்று. கழனிகளில் அவ்வளவு விரைவாக எதுவும் மாறவில்லை. இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் வழங்குமாறு, 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மீண்டும் ஆணையிட நேர்ந்ததே அதற்குச் சான்று.

கிணற்றையும் கழனியையும் கண்ட சுற்றுச்சூழல் சட்டம், மதிலுக்கு உள்ளே நின்றவரை வேறு ஏட்டுக்கு விட்டுவிட்டது. குரோமியத்தால் தோலில் உண்டாகும் புண்ணை, மருத்துவர் அரசுக்கு அறிவித்தாகவேண்டிய தொழில்நோய்களுள் ஒன்றாக 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பட்டியலிட்டிருந்தது. ஆனால் மருத்துவரையே காணாத கூலியாளுக்கு அந்தப் பட்டியலால் பயனில்லை. இவ்விரு சட்டங்களுக்கும் இடையிலிருந்த வெளி 2015 ஜனவரி 31 அன்று கொடூரமாகப் புலப்பட்டது. நீரைக் காப்பதற்கென எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுள் ஒன்றான இராணிப்பேட்டை நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, அருகிலிருந்த தோல் ஷாப்பில் உறங்கிய 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, மின்விசையுடன் இயங்கும் இடத்தைத் தொழிற்சாலையாகக் கொள்வதற்கான ஆள் எண்ணிக்கையைப் 10-இலிருந்து 20-ஆக உயர்த்தியுள்ளது. சிறு கூடங்கள் மிகுந்த ஒரு தொழிலில் இது சிறிய திருத்தம் அன்று.