அரைப்படி நெல் கேட்ட வாய்

கருத்துச் சுதந்திரம் என்றால் பத்திரிகை, மேடை, சினிமா என்றுதான் நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். தஞ்சைச் சீமையில் அந்தச் சண்டை களத்துமேட்டில் தொடங்கியது. பண்ணையாளாக இருந்த நம் முன்னோர் மிராசுதாரிடம் எதிர்த்து ஒரு சொல் சொன்னால் சவுக்கடி, சாணிப்பால். 1943இல் பி. சீனிவாசராவ் வந்து விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகுதான் இரண்டுக்கும் எதிராகக் கூட்டாகக் குரல் எழுந்தது. (சங்கத்தின் தலைமையில் யார் இருந்தார்கள் என்ற கேள்வி நமக்கு உண்டு. அதை வேறொரு நாள் பேசுவோம்.)

அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் பேச்சுரிமையும் சங்கம் வைக்கும் உரிமையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தனியாளாகப் பேசினால் வேலையும் குடியிருப்பும் போய்விடும் கூலிக்காரருக்குச் சங்கம் இல்லாமல் ஏது பேச்சு? மிராசுதாரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டவர்களிடம் நெல் உற்பத்தியாளர் சங்கம் சொன்னது, செங்கொடியை இறக்கு என்று. நெல்லைவிடக் கொடிதான் அவர்களை உறுத்தியது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

அதற்குப் பிறகு நடந்ததை மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பிழைத்தவர்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஏராளமான நிலமும் காரும் உள்ள கனவான்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். கண்ணால் பார்த்த சேரிக்காரரின் சொல்லைவிட, குற்றம் சாட்டப்பட்டவரின் சொத்து பெரிய சாட்சியாகிவிட்டது.

இலக்கியத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதில் பண்ணையாரின் ஆண்மைக்குறை முன்னால் வந்து நிற்க, கூலியும் சாதியும் பின்னுக்குப் போயின. எழுத அவருக்கு உரிமை உண்டு. அந்த நாவலைத் தடைசெய்யச் சொல்லும் கூட்டமல்ல நாம். ஆனால் அன்று அச்சும் விருதும் எட்டிய கைகள் யாருடையவை, சேரியிலிருந்து எத்தனை கைகளுக்கு அவை எட்டின என்று கேட்போம்.

பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் வெண்மணி மக்கள் தங்கள் வாயாலேயே அந்த இரவைச் சொல்கிறார்கள். படம் வந்தது 2005இல். தீ வைத்து ஏறக்குறைய 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.