கல்லேட்டில் ஓர் அந்தாதி

திருச்சிராப்பள்ளிக் கோயில்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் உயரத்திலேயே தொடங்குவர். 1987இல் நிறைவெய்திய திருவரங்கத்து இராசகோபுரம் 236 அடி என்பதும், மலைக்கோட்டைக்கு நானூறுக்கும் மேற்பட்ட படிகள் என்பதும் வழிகாட்டி நூல்கள் அனைத்திலும் உள்ளன. பாவலர் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவற்றையே மீண்டும் அளந்து காட்டுவதில் பயனில்லை. இக்கோயில்களின் கல்லிலே வெட்டப்பெற்று இன்றும் நிற்கும் பாக்கள் சிலவற்றை அன்பர்கள் கவனத்திற்குக் கொண்டுவர விழைகின்றேன்.

உச்சிப் பிள்ளையாரை நோக்கி விரைவோர் பலர் வழியிலுள்ள குடைவரையுள் நுழைவதில்லை. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த இலளிதாங்குர பல்லவேசுவரம் அது. கங்கையைச் சடையில் ஏற்கும் பெருமான் சிற்பத்தின் இருமருங்கும் உள்ள தூண்களில் வடமொழிச் செய்யுள்கள் உள்ளன. நிலத்தில் இருந்தால் சோழர் வளநாட்டையும் காவிரியையும் யாம் காண்பது எங்ஙனம் என்று இறைவன் வினவினானாம். அதற்காகவே குணபரன் முகில் தொடும் இம்மலையில் இல்லம் அமைத்தானாம். ஆற்றின்மேல் கணவன் மனம் செல்லுமோ என்று ஐயுற்ற மலைமகள், காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாளாம். இச்செய்யுள்களில் மகேந்திரன் சமயம் மாறியதற்குச் சான்று தேடுவதிலேயே அறிஞர் பலர் காலம் கழிந்தது. சோழநாட்டு ஆற்றைத் தன் காதலியாக்கிக்கொண்ட ஒரு வேந்தனின் அரசியல் குறும்பு அதனால் போதிய அளவு சுவைக்கப்படவில்லை என்பது என் கருத்து.

அதே குடைவரையில் நம் மொழிக்குரிய பெருஞ்செல்வம் ஒன்றும் உண்டு. வேம்பையர்கோன் நாராயணன் பாடிய சிராமலை அந்தாதி, நூறு பாடலைக் கடந்த நூல், முழுமையாகப் பாறையில் வெட்டப்பெற்றுள்ளது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் நான்காம் தொகுதியில் அதன் பாடம் அச்சேறியுள்ளது. ஓலையில் எழுதிய நூலைக் கரையான் அரித்தால் மற்றோர் ஓலை பார்த்துக் கொள்ளலாம். ஒரு பாறை பொரிந்தால் ஒப்பிடப் பிறிதொரு பாறை கிடையாது. இந்நூலிலும் எழுத்துச் சிதைவுகள் உள்ளன.

யாப்பறிந்தோர்க்கு வேலை இருப்பது இங்குதான். நூலின் யாப்பு கட்டளைக் கலித்துறை. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. ஆகவே ஓரடியில் எத்தனை எழுத்து அழிந்தன என்பதை எஞ்சியவற்றை எண்ணியே கூறிவிடலாம். அடியின் முதல் சிதைந்தால் எதுகை கைகொடுக்கும். பாட்டின் இறுதி சிதைந்தால் அடுத்த பாட்டின் தொடக்கம் கைகொடுக்கும். ஒரு தொல்லையும் உண்டு. பழங்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் அரிது. எது ஒற்று, எது உயிர்மெய் என்று துணிந்த பின்னரே எண்ணத் தொடங்க இயலும். அத்துணிவு தருவதும் ஓசையே! கல்வெட்டறிஞர் படியெடுத்துத் தந்த பாடத்தில் இடைவெளிகளை நிரப்ப முயல்வது பாவலர் கடமை அன்றோ? வகுப்பில் அந்தாதி இலக்கணம் நடத்துங்கால் நாம் இந்நூலை எடுத்துக்காட்டுவதில்லை; பாடநூல்களில் நாராயணன் பெயரைக் காண்பதும் அரிது.

காவிரியைக் கடந்து அரங்கம் புகுந்தால் நிலைமை தலைகீழ். கம்பர் தம் காப்பியத்தை அரங்கேற்றியதாகக் கூறும் மண்டபம் தாயார் சந்நிதி அருகே உள்ளது. அதனை அறியாத தமிழர் இலர். ஆயினும் அது செவிவழி மரபே. திருவரங்கக் கல்வெட்டுகளுக்கென்றே 1982இல் ஒரு தனித்தொகுதி வெளிவந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்டவை அதில் உள்ளன. அவ்வூர்க் கற்களுள் எனக்கு மிகவும் நெருக்கமானது கோபணாரியன் பற்றிய வடமொழிக் கல்வெட்டு. 1323இல் தில்லிப் படையெடுப்பின்போது ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லப்பெற்ற அரங்கன் திருமேனி 1371இல் மீண்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பிரிவு! திருமலையிலிருந்து செஞ்சிக்கும், அங்கிருந்து அரங்கத்திற்கும் பெருமாளை எழுந்தருளச் செய்தவன் கோபணன் என்று இரண்டே செய்யுள் கூறுகின்றன. அவற்றை யாத்தவர் வேதாந்த தேசிகர் என்பது வைணவர் கொள்கை.

திருவெள்ளறையில் பாட்டு கோயிலுக்குப் புறத்தே, கிணற்றில் உள்ளது. நான்கு புறமும் படிகள் மடங்கி இறங்கும் மாற்பிடுகு பெருங்கிணற்றை ஊரார் நாலுமூலைக் கேணி என்பர். தந்திவர்ம பல்லவனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தவன் ஆலம்பாக்கத்து விசையநல்லுழான் தம்பி கம்பன் அரையன். மூப்பு வருமுன் ஈந்து விடுக என்று அறிவுறுத்தும் தமிழ்ப்பாட்டு ஒன்றை அவன் அங்குப் பொறித்து வைத்தான். அறிவுரை கூறுமுன் கிணற்றை வெட்டி முடித்திருந்தான் என்பதால் அவன் சொல்லை ஏற்கலாம்!

இக்கற்களுக்குப் பகை வெளியிலிருந்து வருவதில்லை. குடமுழுக்கு என்றவுடன் சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் எழுத்துகளின் மேல் ஏறுகின்றன. அழுக்கு நீக்கும் பெயரால் அழுத்தத்துடன் மணலைப் பீய்ச்சியடித்ததில் தமிழகக் கோயில்கள் பலவற்றில் எழுத்தின் விளிம்புகள் மழுங்கின. பூச்சைச் சுரண்டலாம், தேய்ந்த எழுத்தை மீட்க வழியில்லை. திருப்பணி செய்வோர் பத்தியுடையவரே. ஆயினும் தம் கையால் அழிவது ஒரு புலவன் பாட்டு என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் இல்லை.

நம் வட்டத்தின் திங்கள் கூட்டங்களுள் ஒன்றையேனும் மலைக்கோட்டைக் குடைவரையின்முன் நடத்துமாறு வேண்டுகின்றேன். அச்சிட்ட பாடத்தைக் கையில் கொண்டு அந்தாதியை முதற்பாட்டிலிருந்து உரக்கப் படிப்போம். சிதைந்த அடி வருங்கால் நிறுத்தி, எழுத்தெண்ணிப் பார்ப்போம்.