நியாயமான போர் உண்டா?

 

பரிசளிப்பு விழா மலரிலே போரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். வகுப்பிலே எழுந்த ஒரு கேள்விதான் இதற்குக் காரணம். இரண்டாம் உலகப் போர்ப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவன் எழுந்து, "சார், நேதாஜி படையிலே சேர்ந்தவங்க நல்லவங்களா? அவங்க ஜப்பான்காரன் பக்கந்தானே நின்னாங்க?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன், "சண்டையே தப்புடா, அதிலே நல்ல பக்கம் எது, கெட்ட பக்கம் எது?" என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது. பாதியில் நின்றுபோன அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முன்னோர் வைத்த அளவுகோல்

தமிழர் போரை வெறுத்த இனம் என்று சொன்னால் அது பொய். ஆயிரம் யானைகளைக் கொன்றவனைப் பாடுவதற்குப் பரணி என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருந்தோம். ஆனால் அதே தமிழ் போருக்கு வரம்பும் கட்டியது. புறநானூற்றிலே நெட்டிமையார், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் அறத்தைப் புகழ்கிறார். அம்பு விடுவதற்கு முன் பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர் எல்லாரையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி அறிவிப்பதுதான் அந்த அறம். சோழர் குலத்து நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரை ஒருவர் அழிக்க நின்றபோது, புலவர் கோவூர்கிழார் நடுவே போய், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று எடுத்துச் சொன்னார்.

இவற்றிலிருந்து மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. போர் எதற்காக? தடுப்பதற்கு வேறு வழி இல்லையா? ஆயுதம் எடுக்காதவர்கள் காப்பாற்றப்படுகிறார்களா? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நம் வாசலுக்கு வருவோம்.

நம் வாசலில் வந்த போர்

செம்பவாங் என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்கு 'நேவல் பேஸ்'தான். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் கொண்ட பெரிய கப்பல் பழுதுபார்க்கும் துறை இங்கே 1938 பிப்ரவரி 14ஆம் நாள் திறக்கப்பட்டது. தமிழர், மலையாளிகள் என்று நம்மவர் பலர் இங்கே கூலிக்கு உழைத்தார்கள். அசைக்க முடியாத கோட்டை என்று வெள்ளைக்காரன் சிங்கப்பூரைச் சொல்லிக்கொண்டான். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷார் ஜொகூர்ப் பாலத்தையே வெடி வைத்து உடைத்தனர். பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. திறப்பு விழா முடிந்து சரியாக நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும்!

பிறகு அந்தத் துறை ஜப்பானியர் கைக்குப் போனது. 1944 நவம்பர் 5ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் வந்து அதன்மேல் குண்டு போட்டன. மூன்று மாதம் துறை செயல்படவில்லை. எதிரியின் கப்பல் துறையைத் தாக்குவது போர்முறைப்படி நியாயம் என்று சொல்லலாம். ஆனால் அன்று காலையில் அங்கே வேலைக்குப் போனவன் யார்? வயிற்றுக்காகப் போன கூலிக்காரன். அவன் எந்தப் பக்கம் என்று விமானத்துக்குத் தெரியுமா?

ஒரே மைதானம், இரண்டு முடிவுகள்

1942 பிப்ரவரி 17ஆம் நாள் ஃபாரர் பார்க் மைதானத்திலே 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். வெள்ளைக்காரத் தளபதி அவர்களைக் கைகழுவிவிட்டான் என்றே பலருக்குத் தோன்றியது. ஜப்பானிய மேஜர் புஜிவாராவும், கேப்டன் மோகன் சிங்கும் இந்திய விடுதலைக்குப் படை திரட்ட அழைத்தார்கள்.

ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 'எந்த அரசுக்குச் சத்தியம் செய்தோமோ அதை மீறமாட்டோம்' என்று வேறு பலர் மறுத்தார்கள். அப்படி மறுத்தவர்களில் பலர் நியூகினி போன்ற தீவுகளுக்குக் கூலிப் படையாக அனுப்பப்பட்டு, பசியாலும் நோயாலும் மாண்டார்கள். ஜப்பானியர் தம்மைக் கைப்பாவையாக்கப் பார்க்கிறார்கள் என்று மோகன் சிங்கே அந்த ஆண்டு டிசம்பரில் முரண்பட்டார். கைது செய்யப்பட்டார். ஆக, படையில் சேர்ந்தவனும் மானமுள்ளவன்தான், சேராதவனும் மானமுள்ளவன்தான். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் வந்ததும் எல்லாம் மாறியது. ஜூலை 5ஆம் நாள் பாடாங்கிலே படை அணிவகுத்தது. ரப்பர் தோட்டத்துப் பால்மரம் சீவியவர்களும் கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்தார்கள். பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையிலே, கங்காணியின் அதட்டலுக்கு நடுங்கிய வீட்டுப் பெண்பிள்ளைகள் துப்பாக்கி பிடித்தார்கள். கூலிக்காரன் என்று அழைக்கப்பட்டவன் முதன்முதலாக நிமிர்ந்து நின்றது அந்தப் படையிலேதான் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

நான்கு நாள் இடைவெளி

இனிச் சொல்லப் போவது கசப்பான செய்தி. 1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூர் கேத்தே கட்டடத்திலே சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்பு, அக்டோபர் 17ஆம் நாள், சயாமிலே இன்னொரு காரியம் முடிந்திருந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் இரு முனைகளும் அன்றுதான் ஒன்று சேர்ந்தன.

அந்தப் பாதை யார் எலும்பின்மேல் போடப்பட்டது? போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அதைவிடப் பல மடங்கு. அவர்களிலே மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். நல்ல சம்பளம், அரிசி என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனார்கள். வராதவனைப் பிடித்து ஏற்றினார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் வாரிக்கொண்டு போயின. "சயாமுக்குப் போனவன் வீட்டிலே தாலி நிலைக்காது" என்று என் பாட்டி சொல்லுவார். சயாமுக்குப் பயந்தே நேதாஜி படையில் சேர்ந்தவர்களும் உண்டு.

பர்மாப் போர்முனைக்குத் தளவாடம் கொண்டுபோகத்தான் அந்தப் பாதை. அந்த முனையிலேதான் 1944இல் நம் படை இம்பாலை நோக்கிப் போனது. ஆக, விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்திய தமிழன், இன்னொரு தமிழனைச் சாகடித்தவனோடு தோள் சேர வேண்டி வந்தது. 1942இலே நம் சீன அண்டை வீட்டாரை ஆயிரக்கணக்கில் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டதும் அதே கைதான்.

இதனாலே விடுதலை வேட்கை பொய்யாகிவிடுமா? ஆகாது. நோக்கம் நியாயமானது என்பதால் கூட்டாளி செய்த கொடுமை சரியாகிவிடுமா? அதுவும் ஆகாது. இரண்டையும் தனித்தனியே எடைபோடத் தெரிய வேண்டும்.

செங்கோட்டையில் அதே கேள்வி

போர் முடிந்ததும் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. 1945 நவம்பர் 5ஆம் நாள் டில்லிச் செங்கோட்டையிலே ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள்மேல் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம் சாட்டப்பட்டது. ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். அடிமைப்பட்ட மக்கள் தம் விடுதலைக்காகப் போர் தொடுக்க உரிமை உண்டு என்று வழக்கறிஞர் புலாபாய் தேசாய் வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால் மக்களின் கொந்தளிப்பைக் கண்ட தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை நீக்கி அவர்களை விட்டுவிட்டார். அகிம்சையையே நம்பிய காங்கிரஸ்காரர்கள்கூட அவர்களுக்காக வாதாட வந்தார்கள். வழி வேறாயினும், அந்த வீரர்களின் நோக்கம் தூயது என்று கண்டார்கள்.

என் பதில்

என்னைக் கேட்டால், வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுக்கவும், அடிமைத்தளையை அறுக்கவும், வேறு எந்த வழியும் இல்லாதபோது ஆயுதம் எடுப்பது குற்றமல்ல. ஆனால் நியாயமான போரிலும் நியாயமில்லாத செயல்கள் நடக்கும். அவற்றின் கணக்கு கொடி பிடித்தவன் வீட்டுக்கு மட்டும் போகாது. கூலி லைனுக்கும் வரும்.

கிராஞ்சி நினைவிடம் நமக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் பெயர்களும் ஏராளம். பெற்றோர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். சயாமிலே மாண்ட நம் தோட்டத்துத் தமிழருக்கு அப்படிப் பெயர் எழுதிய சுவர் அங்கே இல்லை என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

மாணவ மணிகளே! உங்களில் ஆண்பிள்ளைகள் நாளை தேசிய சேவைக்குப் போவீர்கள். நாட்டைக் காக்கத் துப்பாக்கி பிடிப்பது கடமை, தயங்காமல் செய்யுங்கள். ஆனால் எதற்காக, வேறு வழி இல்லையா, ஆயுதம் இல்லாதவன் கதி என்ன என்ற அந்த மூன்று கேள்விகளையும் கூடவே எடுத்துப் போங்கள். கேள்வி கேட்ட அந்த இரு மாணவர்களுக்கும் என் நன்றி. இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது தம்பிகளா. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.