மரியா காலஸ்

ஓபரா பாடகி மரியா காலஸ் 1923 டிசம்பரில் நியூயார்க்கில், அங்கே குடியேறிய கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1937-இல் தாயுடன் ஏதென்ஸ் சென்று, ஸ்பானியப் பாடகி எல்வீரா தெ இதால்கோவிடம் பயின்றார். 1947-இல் வெரோனாவின் பழைய ரோமானியத் திறந்தவெளி அரங்கில் 'லா ஜோகோண்டா' ஓபராவில் பாடி இத்தாலியில் அறிமுகமானார்.

1949 ஜனவரியில் வெனிஸில் வாக்னரின் 'வால்கியூர்' ஓபராவில் பாடிக்கொண்டிருந்தார். அப்போது பெல்லினியின் 'பியூரிட்டானி'யில் பாடவேண்டியவர் நோயுற்றதால், சில நாட்களிலேயே அந்தப் பாத்திரத்தையும் கற்று மேடையேறினார். முன்னதற்குக் கனத்த, ஓங்கிய குரல் வேண்டும். பின்னதோ விரைவான நுண்சங்கதிகள் நிறைந்தது. இரண்டுக்கும் ஒரே குரல் ஈடுகொடுத்தது இசையுலகை வியக்கவைத்தது.

1951 டிசம்பரில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் அந்த ஆண்டின் ஓபராப் பருவத்தைப் பாடித் தொடங்கிவைத்தார். செருபினியின் 'மெடியா' (1953), டோனிசெட்டியின் 'அன்னா பொலேனா' (1957) போன்ற, அரிதாகவே மேடையேறிய படைப்புகள் அவரால் புத்துயிர் பெற்றன. அவற்றின் அலங்காரச் சங்கதிகளில் பாத்திரத்தின் துயரத்தையும் சினத்தையும் அவர் ஒலிக்கச் செய்தார். அதுவே அவருடைய பெருங்கொடை.

1950-களின் இறுதியில் குரல் தளரத் தொடங்கியது. 1965 ஜூலையில் லண்டனில் பாடிய 'டோஸ்கா' அவருடைய கடைசி ஓபரா. 1971-72-இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் இளம் பாடகர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1977 செப்டம்பர் 16 அன்று பாரிஸில், 53 வயதில் மாரடைப்பால் காலமானார்.