இடிமுகிலுக்கு மேலான மின்னல்: அவதானிப்பின் வரலாறும் வன்னி நிலமும்

இயற்கை நிகழ்வொன்று அறிவியல் உண்மையாக ஏற்கப்படுவது அது கண்ணுக்குத் தெரிவதனால் மாத்திரமன்று. கண்டதைப் பதிந்து பேணும் சமூக நிறுவனங்கள் இருப்பதனாலுமாகும். இடிமுகில்களுக்கு மேலே, உயர் வளிமண்டலத்தில் தோன்றும் ஒளிப்பாய்ச்சல்கள் பற்றிய ஆய்வின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகின்றது. அவ்வரலாற்றை வன்னிப் பெருநிலப்பரப்பில் நின்று நோக்குவதே எமது நோக்கமாகும்.

1886 இல் ‘நேச்சர்’ ஏட்டில் ரொயின்பி, மக்கென்சி ஆகியோரின் குறிப்பொன்று வெளியாயிற்று. ஜமேய்க்காவை அண்டிய கடலில் முகிலிலிருந்து ஒளிக்கீற்றுகள் மேல்நோக்கி எழுந்தமையை அது கூறிற்று. ஹென்றி ரொயின்பி இலண்டன் வானிலை அலுவலகத்தின் கடற்பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர். பேரரசின் வணிகத்துக்குக் கப்பல்கள் வேண்டியிருந்தன; கப்பல்களுக்குக் காற்றும் புயலும் பற்றிய குறிப்பேடுகள் வேண்டியிருந்தன. கடலிற் கண்ட காட்சி அச்சேறியது இப்பின்னணியிலேயாகும்.

அதனை விளக்கவல்ல கோட்பாட்டை 1925 இல் ஸ்கொத்லாந்து இயற்பியலாளர் சி. ரி. ஆர். வில்சன் முன்வைத்தார். இடிமுகிலின் மின்புலம் உயரத்துடன் குறைகின்றது. காற்றின் அடர்த்தியோ அதனிலும் விரைவாகக் குறைகின்றது. ஐதான காற்றில் மின்னிறக்கம் நிகழச் சிறு மின்புலமே போதும். ஆகவே முகிலுக்கு வெகு உயரத்திலும் மின்னிறக்கம் நிகழலாம் என்பது அவர் முடிபு. சான்று கிடைக்க 64 ஆண்டுகள் சென்றன. 1989 யூலை 6 இல் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தின் ஜோன் விங்க்ளரும் உடனாய்வாளரும், ரொக்கெற் ஆய்வொன்றுக்கான கமராவைச் சோதித்தபோது, தொலைவிலிருந்த இடிமுகிலுக்கு மேல் இரு ஒளித்தூண்களைத் தற்செயலாகப் பதிவுசெய்தனர்.

இன்று இவை பல வகைகளாகப் பகுக்கப்படுகின்றன. நிலத்தைத் தாக்கும் வலிய நேர்மின்னலைத் தொடர்ந்து, ஏறத்தாழ 50 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் நைதரசன் செந்நிறமாக ஒளிர்வது ‘ஸ்பிறைற்’ எனப்படும். முகிலின் உச்சியிலிருந்து மேலெழுவது நீலத்தாரை. அயன்மண்டலத்தின் அடியில் வளையமாக விரிந்து, ஆயிரத்திலொரு செக்கனுக்குள் மறைவது ‘எல்வ்’.

நிலத்தின் மேல் மின்னல் கடலின் மேலுள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. எனினும் 2004 இல் ஏவப்பட்ட தாய்வானின் செய்மதி நடத்திய கணக்கெடுப்பு, ஸ்பிறைற் பெரிதும் நிலத்தின் மேலும் எல்வ் பெரிதும் வெதுவெதுப்பான கடலின் மேலும் தோன்றுவதைக் காட்டிற்று. கடலில் மின்னல்கள் எண்ணிற் குறைவாயினும் அவற்றின் உச்ச மின்னோட்டம் பெரிது என்பதே இதற்குரிய விளக்கமாகக் கருதப்படுகின்றது.

இவ்வரலாறு எமது கடலையும் தொட்டுள்ளது. 2015 செப்டெம்பரில் டென்மார்க்கு விண்வெளிவீரர் அன்ட்றியாஸ் மொகென்சன், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வங்காள விரிகுடாவின் இடிமுகிலொன்றைப் படமெடுத்தார். 160 செக்கனில் 245 நீல ஒளிர்வுகள் அதிற் பதிவாயின. தாரையொன்று 40 கிலோமீற்றர் உயரம்வரை எழுந்தது. அவ்விரிகுடாவின் தென்மேற்கு விளிம்பிலேயே முல்லைத்தீவுக் கரை அமைந்துள்ளது.

வன்னியில் சித்திரையிலும் ஐப்பசியிலும், பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலத்தில், பிற்பகல் மேற்காவுகையால் இடிமழை பொழிகின்றது. ஐப்பசி காலபோக விதைப்பின் காலம். வெட்டவெளி வயலில் நிற்கும் உழவனுக்கு மின்னல் உயிர்ப் பிரச்சினை. ஸ்பிறைற்றைத் தோற்றுவிப்பதும் நிலத்தைத் தாக்கும் வலிய மின்னலே. ஆகவே மேலே நிகழ்வதைப் பதிவதும் கீழே நிகழ்வதைப் பதிவதும் ஒரே பணியின் இரு கூறுகளாம். இதனை வசதி படைத்த நாடுகளின் ஆடம்பர ஆய்வென ஒதுக்குதல் தவறாகும்.

ஜமேய்க்காக் கடலிற் கண்டதைக் கேட்டெழுத ஓர் அலுவலகம் இருந்தது. இரவிற் கடலுக்குச் செல்லும் முல்லைத்தீவு மீனவனின் காட்சியைக் கேட்டெழுத எந்தக் குறிப்பேடு இருந்தது? 2009 வரை நீடித்த போர் குறிப்பேடுகளை மாத்திரமன்றி, மக்களையே நிலத்திலிருந்து பெயர்த்தது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு. 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமும் உண்டு. மங்கல் ஒளியிலும் பதியும் கமராவும் நுண்மையான கடிகாரமும் இருப்பின், நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கடற்புயலின் மேலான ஒளியைத் தெளிந்த இரவிற் கரையிலிருந்தே தேடலாம். கருவியுடன் மீனவரதும் உழவரதும் சாட்சியத்தையும் நாள், நேரம், திசையுடன் திரட்டுதல் வேண்டும். மக்களின் கண்ணும் பல்கலைக்கழகத்தின் கருவியும் இணையும்போதே வன்னி வானம் அறிவியல் வரலாற்றில் தன் இடத்தைப் பெறும் என்பது எமது துணிபு.