கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்

மக்களே, இன்னைக்கு ஒரு பாட்டி கதை. பாட்டி சொன்ன கதை இல்லை. பாட்டி சொல்லாம விட்ட கதை.

1955 மே மாசம். அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட்ங்கிற 67 வயசு அம்மா, தன்னோட பிள்ளைங்க கிட்ட "கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்"னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்பினாங்க. பிள்ளைங்க மொத்தம் 11 பேர். பேரப்பிள்ளைங்க 23. யாரும் பெருசா கவலைப்படலை, அம்மா எப்பவுமே நடக்கறவங்கதானே!

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு தெரியுமா? சுமார் 2,050 மைல். நம்ம கணக்குல 3,300 கிலோமீட்டர். மே 3-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்துல ஓகில்தார்ப் மலையில ஆரம்பிச்சு, செப்டம்பர் 25-ஆம் தேதி வடகோடியில மெய்ன் மாநிலத்து கட்டாடின் மலை உச்சியில முடிச்சாங்க. 146 நாள். சராசரியா தினம் 22 கிலோமீட்டருக்கு மேல, அதுவும் மலையில, தனியா.

இந்தப் பாதைக்குப் பேரு அப்பலாச்சியன் டிரெயில். 1921-ல பெண்டன் மெக்கே எழுத்துல போட்ட திட்டம், 1937-ல முழுப் பாதையா ஆச்சு. முழுசையும் ஒரே மூச்சுல நடந்து முடிச்சதா 1948-ல முதல்ல சொன்னவர் ஏர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப்போர்ல இருந்து திரும்பினவர். போரை உடம்புல இருந்து வெளியேத்தறதுக்காக நடந்தேன்னு அவரே சொல்லியிருக்கார். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும். 1952-ல மில்ட்ரெட் நார்மன்ங்கிற பெண்ணும் ஒரே பருவத்துல முடிச்சாங்க, ஆனா துணையோட. தனியா, ஒரே பருவத்துல முடிச்ச முதல் பெண் நம்ம எம்மாதான்.

இப்போ அவங்க கொண்டு போன சாமான் லிஸ்ட். மலையேற்றம்னு சொன்னதும் நம்ம ஐ.டி. நண்பர்கள் முதல்ல போறது ஷோரூமுக்குத்தான் :-) எம்மா கிட்ட தூங்கற பை இல்லை, கூடாரம் இல்லை. ஜீன்ஸ் துணியில தானே தைச்ச ஒரு பை, ஒத்தைத் தோள்ல தொங்கும். உள்ளே ஒரு ராணுவக் கம்பளி, ஒரு மழைக்கோட்டு, மழைக்குப் போத்திக்கவும் கீழே விரிக்கவும் குளியலறையில தொங்கவிடற பிளாஸ்டிக் திரை ஒண்ணு. கால்ல கெட்ஸ் கான்வாஸ் ஷூ, முடிக்கறதுக்குள்ள ஆறேழு ஜோடி தேஞ்சு போச்சு. சாப்பாட்டுக்கு வேர்க்கடலை, உலர்திராட்சை, பால் பவுடர், சூப் கட்டி, டப்பா சாசேஜ். பையோட எடை பெரும்பாலும் 9 கிலோவுக்குள்ளதான். இன்னைக்கு 'அல்ட்ராலைட்'னு ஒரு கூட்டமே எடையைக் கிராம் கணக்குல குறைக்குது. அவங்க எம்மாவைத்தான் முன்னோடின்னு கொண்டாடறாங்க.

நேரா ஜெயிச்சுட்டாங்கன்னு நினைக்காதீங்க. முந்தின வருஷம், 1954-ல, வடக்கு முனையில இருந்து கிளம்பிப் பார்த்தாங்க. வழி தப்பிருச்சு, மூக்குக்கண்ணாடி உடைஞ்சிருச்சு. வனக்காவலர்கள் கண்டுபிடிச்சு, வீட்டுக்குப் போங்கம்மான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷம் இந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சுட்டாங்க, அவ்வளவுதான்.

1949-ல நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகையில வந்த ஒரு கட்டுரைதான் அவங்களுக்கு இந்த ஆசையைக் கிளப்புச்சு. அதைப் படிச்சா பாதை ராஜபாட்டை மாதிரி தெரியும். நேர்ல பார்த்தா வழிக்குறி அழிஞ்சு கிடக்கு, தங்கற குடில் இடிஞ்சு கிடக்கு, பாதி இடத்துல புதர். போதாக்குறைக்கு அந்த ஆகஸ்ட்ல கோனி, டயான்னு ரெண்டு புயல் அடுத்தடுத்து அடிச்சு ஆறெல்லாம் பொங்கிருச்சு. பத்திரிகைக்காரங்க கேட்டப்போ எம்மா இதையெல்லாம் ஒளிவுமறைவு இல்லாம போட்டு உடைச்சாங்க. பாதையைப் பராமரிக்கணும்ங்கிற அக்கறை ஜனங்களுக்கு வந்ததுல இந்த விளம்பரத்துக்கும் பங்கு உண்டு.

ஆமா, அதுக்குள்ள அவங்க பிரபலம் ஆயிட்டாங்க. பாதி வழியிலேயே நிருபர்கள் பிடிச்சுட்டாங்க. 'கிராண்ட்மா கேட்வுட்'டுன்னு பேரு நிலைச்சிருச்சு. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் எழுதுச்சு, முடிச்சப்புறம் டி.வி.க்கும் கூப்பிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். இந்த வயசுல ஏன் பாட்டி? அவங்களும் வேடிக்கையா ஏதாவது சொல்லிச் சமாளிச்சாங்க. வீட்டுக்காரர்? "நான் விதவை"ன்னுட்டாங்க.

இங்கதான் விஷயம். 1955-ல அவங்க புருஷன் உயிரோட இருந்தார்!

1907-ல, 19 வயசுல, பி.சி. கேட்வுட்ங்கிறவரைக் கல்யாணம் பண்ணினாங்க. பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து விவசாயம் பார்த்தவர். கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லயே அடி ஆரம்பிச்சிருச்சு, முப்பது வருஷத்துக்கு மேல நிக்கவே இல்லை. 1924-ல அவர் ஒரு சண்டையில ஒரு ஆளைக் கொன்னுட்டார். குத்தம் நிரூபணம் ஆச்சு. ஆனா பொண்டாட்டி பிள்ளைங்க, பண்ணை எல்லாம் இருக்குன்னு தண்டனையை நிறுத்தி வெச்சாங்க. எந்தக் குடும்பத்தைக் காட்டி அவரை வெளியே விட்டாங்களோ, அந்தக் குடும்பத்துக்குள்ள அவர் என்ன பண்றார்னு யாரும் கேட்கலை. உன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேர்த்துருவேன்னு அந்தம்மாவை மிரட்டவும் செஞ்சார்.

1939-ல, மேற்கு வர்ஜீனியாவுல இருந்தப்போ, ஒரு நாள் பல்லு உடையற அளவுக்கு அடி. எம்மா கையில கிடைச்ச மாவுப் பையைத் தூக்கி அவர் மேல எறிஞ்சாங்க. போலீஸ் வந்து யாரைப் பிடிச்சுட்டுப் போச்சுன்னு நினைக்கறீங்க? எம்மாவை! அவங்க முகத்தைப் பார்த்த அந்த ஊர் மேயர்தான் ஜெயில்ல விடாம தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். 1941-ல விவாகரத்து கிடைச்சுது. அந்தக் காலத்துல, அந்த ஊர்ல, அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அந்த முப்பது சொச்ச வருஷமும் அடி தாங்க முடியாதப்போ எம்மா ஓடினது எங்கே தெரியுமா? வீட்டை ஒட்டின காட்டுக்குள்ளே. அங்கேதான் கொஞ்சம் நிம்மதி. இதெல்லாம் பரவலா வெளியே தெரிஞ்சது 2014-ல பென் மான்ட்கோமரி எழுதின வாழ்க்கை வரலாறு வந்தப்புறம்தான். எம்மாவோட நாட்குறிப்பு, கடிதங்கள், உயிரோட இருந்த பிள்ளைங்க சொன்னதுன்னு எல்லாத்தையும் வெச்சு எழுதினது.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு 1955-க்குத் திரும்பிப் போங்க. 'இந்த வயசுல தனியாக் காட்டுல பயமா இல்லையா'ங்கிற கேள்வியே தலைகீழா ஆயிருது. அவங்களுக்கு ஆபத்து இருந்த இடம் வீடு. காடு அடைக்கலம் கொடுத்த இடம். வயசும் தடை இல்லை. கடைக்குட்டி வரைக்கும் வளர்ந்தாச்சு, விவாகரத்து ஆச்சு, யார் கிட்டயும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவங்களுக்கு அந்த நாள் வர 67 வயசு ஆச்சு. அதான் 67-ல கிளம்பினாங்க.

ஷாஃபர் போரை மறக்க நடந்தார்னு எல்லாருக்கும் உடனே புரிஞ்சுது, மரியாதையும் கிடைச்சுது. எம்மாவும் ஒரு போர்ல இருந்து வந்தவங்கதான். ஆனா அதைச் சொன்னா அன்னைக்கு யார் காது கொடுத்துக் கேட்டிருப்பாங்க? 'கான்வாஸ் ஷூ போட்ட குறும்புக்காரப் பாட்டி'ன்னு ஒரு கதை ரெடியா இருந்துச்சு. வழியில சோறும் படுக்க இடமும் வாங்கிக் கொடுத்ததுல அந்தப் 'பாட்டி'ங்கிற பேருக்கும் பங்கு உண்டு. எம்மாவும் அதை அப்படியே விட்டுட்டாங்க. 'விதவை'ங்கிற ஒத்தை வார்த்தையில அந்த ஆளைத் தன் கதையில இருந்தே கழட்டி விட்டதை என்னால பொய்யின்னு சொல்ல முடியலை.

அதோட நிக்கலை அவங்க. 1957-ல, 69 வயசுல, அதே பாதையை மறுபடியும் முழுசா நடந்தாங்க. அதை இன்னொரு தடவை பகுதி பகுதியா நடந்து 1964-ல முடிச்சு, மூணு தடவை முடிச்ச முதல் ஆள் ஆனாங்க. கவனிங்க, முதல் பெண் இல்லை, முதல் ஆள். நடுவுல 1959-ல, 71 வயசுல, மிசௌரி மாநிலத்துல இருந்து ஒரெகன் மாநிலத்து போர்ட்லாண்ட் வரைக்கும் சுமார் 2,000 மைல், 95 நாள்ல. 1973 ஜூன் 4-ஆம் தேதி, 85 வயசுல காலமானாங்க. ஒஹாயோவுல ஹாக்கிங் ஹில்ஸ்ங்கிற இடத்துல இன்னைக்கும் ஒரு நடைபாதை அவங்க பேர்ல இருக்கு.

வயசான பெண்கள் தனியா எங்கேயாவது கிளம்பினா "இந்த வயசுல எதுக்கு?"ன்னு நாமளும் கேட்கறோம். இருவது வயசுல, நாப்பது வயசுல ஏன் கிளம்பலைங்கிற கேள்வியை நாம கேட்டிருக்கோமா? உங்க வீட்டுல, தெருவுல அப்படிக் கிளம்பின அம்மாக்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. பேரு வேண்டாம், எவ்வளவு தூரம் போனாங்கன்னு மட்டும் சொல்லுங்க.